தீவிரவாதத் தடுப்பில் நம்ம ஊர் போலீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஓசூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, பென்னாகரம் பக்கம் சட்ட விழிப்புணர்வு முகாமுக்குப் போனால், பட்டா, ஜீவனாம்சம், செக் மோசடி எல்லாம் கேட்டு முடித்த பிறகு யாராவது ஒருவர் ஓரமாக வந்து இந்த விஷயத்தை ஆரம்பிப்பார். ஊர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"தீவிரவாதம்னா காஷ்மீர், மும்பை. நம்ம மாவட்டத்துக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

பழைய சம்பந்தம் உண்டு. எழுபதுகளின் கடைசியில் தருமபுரி, வட ஆற்காடு மாவட்டங்களில் நக்சல் இயக்கம் வேர் பிடித்திருந்தது. 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் குண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் உடன் இருந்த காவலர்களும் இறந்தார்கள். அதன் பிறகு போலீஸ் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த நக்சல் வேட்டைக்கு அந்த இன்ஸ்பெக்டரின் மகள் பெயரையே வைத்து 'ஆபரேஷன் அஜந்தா' என்றார்கள். அதில் இறந்த இளைஞர்கள் நிஜமாகவே மோதலில்தான் இறந்தார்களா என்று நாயக்கன்கொட்டாய் பக்கம் இன்றும் கேட்பார்கள். 2002 நவம்பரில் ஊத்தங்கரை அருகே மக்கள் யுத்தக் குழு என்ற நக்சல் அமைப்பின் ஆட்கள் என்று போலீஸ் சொன்னவர்களோடு மோதல் நடந்தது. ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், பிடிபட்டவர்கள் மீது பொடா என்ற அன்றைய தீவிரவாதத் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. ஊத்தங்கரை அப்போது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல்.

இன்னொரு காரணம் நாம் இருக்கும் இடம். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம், குப்பம் சாலையில் போனால் ஆந்திரம். நடுவில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கிரானைட் குவாரிகளில் வெடிமருந்து. ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் எங்கெங்கிருந்தோ வந்து இறங்கும் ஆட்கள். குற்றம் நம்ம ஊரில் நடக்கவே வேண்டாம். வேறெங்கோ செய்துவிட்டு வருகிறவன் கடந்து போகவும், ஒளிந்திருக்கவும், பொருள் வாங்கவும் தோதான ஊர் இது.

"இதுக்கெல்லாம் யார் பொறுப்பு? ஸ்டேஷனா, க்யூ பிராஞ்சா, என்.ஐ.ஏ.வா?"

முதல் கை எப்போதும் ஸ்டேஷன்தான். வழக்குப் பதிவதும் சம்பவ இடத்தைக் காப்பதும் அவர்கள் வேலை. ஸ்டேஷனில் 'தனிப்பிரிவு ஏட்டு' என்று ஒருவர் இருப்பார். யூனிஃபார்மில் அதிகம் பார்க்க முடியாது. டீக்கடை, சந்தை, திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லா இடத்திலும் நிற்பார். ஊரில் என்ன நடக்கிறது என்று எஸ்.பி. ஆபீசுக்கு அன்றாடம் தகவல் போவது அவர் வழியாகத்தான்.

அதற்கு மேலே மாநில அளவில் க்யூ பிரிவு இருக்கிறது. நக்சல்களைக் கண்காணிக்க ஆரம்பித்தது, பிறகு இலங்கைப் போராளிக் குழுக்கள் தொடர்பான வழக்குகளையும் பார்த்தது. 58 பேர் இறந்த 1998 கோவை குண்டுவெடிப்புக்குப் பிறகு சி.பி.சி.ஐ.டி.யில் தனிப் புலனாய்வுக் குழு வந்தது. 2023ல் தீவிரவாதத் தடுப்புக்கென்றே ஒரு தனிப் பிரிவை மாநில அரசு அறிவித்தது. என்.ஐ.ஏ., அதாவது தேசியப் புலனாய்வு முகமை, மத்திய அரசின் அமைப்பு. மும்பை தாக்குதல் நடந்த 2008ஆம் ஆண்டே அதற்கான சட்டம் வந்துவிட்டது.

"ராத்திரி வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறன்னு சொல்றாங்க. இதுலயா சார் தீவிரவாதி மாட்டப் போறான்?"

மாட்டியிருக்கிறார்கள். 2022 மே மாதம் பக்கத்து சேலம் மாவட்டத்தில், ஓமலூர் அருகே வழக்கமான வாகனச் சோதனையில் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கிகளோடு பிடிபட்டார்கள். உளவுத் தகவல் ஏதும் வந்து பிடித்ததல்ல. ஓமலூர் போலீஸ் பையைத் திறந்து பார்த்ததுதான் ஆரம்பம். ஆயுதக் குழு தொடங்க முயன்றதாகச் சொல்லப்பட்ட அந்த வழக்கு க்யூ பிரிவுக்குப் போய், அங்கிருந்து என்.ஐ.ஏ.வுக்குப் போனது.

நூறு வண்டியை நிறுத்தினால் தொண்ணூற்றொன்பதில் ஹெல்மெட் கேஸ்கூட இருக்காது. சோதனை நடக்கும் என்ற பயம் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சோதனை என்ற பெயரில் காசு வாங்கும் பழக்கம் இருக்கும் இடத்தில் அந்தப் பயமும் போய்விடும். ஐநூறு ரூபாய்க்கு மணல் லாரியை விடுகிற கை, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போவதில்லை.

"குவாரியில மேஸ்திரியா இருக்கேன். ஜெலட்டின் குச்சி கணக்கு அப்பப்ப உதைக்கும். இதைப் போய் ஸ்டேஷன்ல சொல்லணுமா?"

கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தின் முக்கியமான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெடிமருந்துக் கிடங்கில் ஒரு பதிவேடு இருக்கும். இன்று எத்தனை பெட்டி வந்தது, எத்தனை குச்சி எடுத்தது, எத்தனை டெட்டனேட்டர் போட்டது, மீதி எவ்வளவு திரும்பியது, யார் கையெழுத்து. வெடிபொருள் விதிகள் 2008ன்படி இது அன்றன்றைக்கு எழுத வேண்டியது. நடைமுறையில் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் ஏழு நாளையும் நிரப்புகிற இடங்கள் உண்டு. ஐம்பது குழி போட்டதாக எழுதி நாற்பத்தைந்து போட்டால், மிச்சக் குச்சி யார் இடுப்பில் போகிறது? பெரும்பாலும் கிணறு வெட்டுகிறவரிடம். சில சமயம் ஏரியில் மீன் பிடிக்கிறவரிடம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டோரத்தில் காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் இரை) கட்டுகிறவருக்கும் வெடிமருந்துதான் வேண்டும். இவர்கள் யாரும் தீவிரவாதிகள் அல்ல. ஆனால் பன்றிக்கு விற்கிறவன், வாங்குகிறவன் யார் என்று கேட்டு விற்பதில்லை.

காணாமல் போனதோ திருட்டுப் போனதோ தெரிந்தால் உடனே போலீசுக்கும் உரிமம் கொடுத்த அதிகாரிக்கும் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்வது முதலாளியின் கடமை. அவர் மறைத்தால் நீங்கள் சொல்லுங்கள். நாளைக்கு அந்தக் குச்சி எங்காவது பிடிபட்டு, பெட்டி எண்ணை வைத்துத் தேடி வந்தால் முதலில் கேட்கப்போவது மேஸ்திரியைத்தான். தகுந்த காரணம் இல்லாமல் வெடிபொருள் வைத்திருந்தாலே 1908ஆம் ஆண்டு வெடிமருந்துப் பொருட்கள் சட்டத்தில் பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு.

"எது வெடிச்சாலும் டிவியில தீவிரவாதமான்னு கேக்குறாங்களே?"

டிவிக்கு அது தொழில். 2023 ஜூலை 29ல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஓசூருக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து பதினான்கு பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டும் விபத்து வழக்குகள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை வைத்து ஒன்று தீவிரவாதம் ஆகாது.

சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், அதாவது யு.ஏ.பி.ஏ., 15ஆம் பிரிவில் கேட்பது நோக்கத்தை. நாட்டின் ஒற்றுமைக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாக்கும் நோக்கமோ, மக்களைப் பீதியில் தள்ளும் நோக்கமோ இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதே வரையறைதான். இரண்டில் எதில் வழக்குப் பதிவது என்று முடிவு செய்ய எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும்.

"ஓசூர்ல நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கேன். வடக்கத்திப் பசங்கதான். தப்புத்தண்டா நடந்தா என்னைப் பிடிப்பாங்களா?"

தெரிந்தே இடம் கொடுத்தால்தான் குற்றம். யு.ஏ.பி.ஏ. 19ஆம் பிரிவு, தீவிரவாதி என்று தெரிந்து அடைக்கலம் கொடுப்பவரைத் தண்டிக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஆயுள் வரை. தெரியாது என்று நீங்கள் சொல்வதை நீதிமன்றம் நம்ப வேண்டுமானால் கையில் காகிதம் இருக்க வேண்டும். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம், ஆதார் நகல், போட்டோ, வேலை செய்யும் கம்பெனி பெயர், சொந்த ஊரில் ஒருவர் போன் நம்பர். இதை ஸ்டேஷனில் ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். லாட்ஜ்காரர்களுக்கு இது தெரியும், வீட்டுக்காரர்கள்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 'வடக்கத்திப் பசங்க' என்பது சந்தேகத்துக்குக் காரணமே இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் சிப்காட்டில் ஷிஃப்ட் ஓடாது. தாடி, தொப்பி, மொழி எதுவும் காரணம் ஆகாது. வேறு ஆள் பெயரில் அட்வான்ஸ் கொடுப்பது, அடையாளம் கேட்டால் நழுவுவது, பூட்டிய அறைக்கு ரசாயன கேன் வந்து இறங்குவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. தமிழ் பேசுகிறவர் செய்தாலும் அதே கதைதான்.

"பழைய போன், பழைய பைக் வாங்கி விக்கிற கடை வச்சிருக்கேன். எனக்கென்ன?"

மேலே வீட்டுக்காரருக்குச் சொன்னதேதான். விற்றவர் அடையாள நகல், போனின் ஐ.எம்.இ.ஐ. எண், பில். பைக் என்றால் ஆர்.சி.யை உடனே பெயர் மாற்றுங்கள். வெறும் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30ஐ வைத்துக்கொண்டு மூன்று கை மாற்றி விற்கும் பழக்கத்தால் அப்பாவிகள் எத்தனையோ பேர் ஸ்டேஷன் ஏறியிருக்கிறார்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள்.

"தகவல் சொன்னா என் பேரு வெளிய வந்துடுமே?"

தகவல் எங்கிருந்து வந்தது என்று போலீசை நீதிமன்றத்தில் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. சாட்சியச் சட்டத்தில் இது பழைய பாதுகாப்பு. 112க்குக் கூப்பிடலாம், எஸ்.பி. ஆபீசுக்கு நேரே போகலாம். ஸ்டேஷனில் உங்களைத் தெரிந்தவர் இருப்பது தொந்தரவு என்றால் பக்கத்து ஸ்டேஷனிலும் சொல்லலாம்.

தகவல் சொல்பவர் வேறு, சாட்சி வேறு. சம்பவத்தை நேரில் பார்த்தவர் என்றால் கூண்டில் ஏற வேண்டி வரும். அப்போது யு.ஏ.பி.ஏ. 44ஆம் பிரிவில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். 2018ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். தானாக யாரும் கொண்டு வந்து தரமாட்டார்கள்.

"அதெல்லாம் சரி. போலீஸ்கிட்ட போனா நம்மளையே உள்ள வைப்பாங்கன்னு எங்க ஊர்ல சொல்றாங்களே?"

கேட்டவர் அரூர் பக்கத்துப் பெரியவர். அந்த ஊர்க்காரர் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1992 ஜூன் 20ல் அரூர் அருகே வாச்சாத்தி மலைக்கிராமத்தில் சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணற்றைக்கூடப் பாழாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011ல் தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக அத்தனை பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சம்பவத்திலிருந்து முப்பத்தோரு ஆண்டு.

வாச்சாத்தி தீவிரவாத வழக்கு அல்ல. ஆனாலும் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. மலைக்குப் புது ஆள் வந்தால் முதலில் தெரிவது ஆடு மேய்க்கிறவருக்கும் தேன் எடுக்கிறவருக்கும்தான். அவர் வாயைத் திறக்கவில்லை என்றால் கேமரா, டிரோன், கமாண்டோ எல்லாம் இருந்தும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். ஒரு ஸ்டேஷன் எழுத்தர் மனு கொடுக்க வந்த பாட்டியை ஒருமையில் பேசி அனுப்புவதைக்கூட நான் பாதுகாப்புப் பிரச்சினையாகத்தான் பார்க்கிறேன். அந்தப் பாட்டி வீட்டார் அடுத்து எதையும் சொல்ல வரமாட்டார்கள்.

நீங்கள் போகும்போது தனியாகப் போக வேண்டாம். வார்டு மெம்பரையோ வி.ஏ.ஓ.வையோ கூட்டிக்கொண்டு போங்கள். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஸ்டேஷன்களில் சி.சி.டி.வி. இருக்க வேண்டும் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

"வீரப்பன் விஷயம் தீவிரவாதமா, கொள்ளையா?"

கடத்தல்காரன்தான். ஆனால் 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்த வழக்கை அன்றைய தீவிரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில்தான் நடத்தினார்கள். கடைசியில் 2004 அக்டோபர் 18ல் நம்ம பாப்பாரப்பட்டி அருகே, கண் சிகிச்சைக்கு என்று நம்பி ஏறிய ஆம்புலன்சில் கதை முடிந்தது. கே. விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை அதைச் சாதித்தது காட்டைச் சல்லடை போட்டு அல்ல, அவன் கூட்டத்துக்குள்ளேயே தன் ஆட்களைப் பழக வைத்து.

அதற்கு முந்தைய பத்து வருட வேட்டையில் மலைக்கிராமத்து மக்கள் பட்ட சித்திரவதையை விசாரிக்க நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது தேசிய மனித உரிமை ஆணையம். 2007ல் 89 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முந்தைய பதிலில் சொன்ன வாய் திறக்காத மலைக்கு இதுவும் ஒரு காரணம்.

"ஸ்டேஷனுக்கு வான்னு போன்ல கூப்பிடுறாங்க. போகணுமா?"

எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். சாட்சியாக அழைத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவு, சந்தேக நபராக அழைத்தால் 35(3). பெண்கள், 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ளவர்களை சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தபின் போகாமல் இருக்காதீர்கள். போகாததே கைதுக்குக் காரணம் ஆகிவிடும்.

"யு.ஏ.பி.ஏ. போட்டா ஜாமீனே கிடையாதாமே?"

கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. கிடைக்காதபடி கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறது. 43டி(5)ன்படி, குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்க்க உண்மை என்று நம்ப இடமிருந்தாலே ஜாமீன் மறுக்கப்படும். குற்றப்பத்திரிகை போட மற்ற வழக்குகளில் 60 அல்லது 90 நாள். இதில் நீதிமன்றம் அனுமதித்தால் 180 நாள். ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் அதைக் காரணம் காட்டி ஜாமீன் தரலாம் என்று 2021ல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2024ல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் சொன்னது. கொடுக்காததால் அந்தக் கைதே செல்லாமல் போனது.

இன்னொரு வித்தியாசம். தடாவிலும் பொடாவிலும் எஸ்.பி.யிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகும். யு.ஏ.பி.ஏ.வில் அது கிடையாது. அதனால் இன்றைய போலீஸ் அடித்து வாங்கிய வாக்குமூலத்தை நம்பி வழக்கு நடத்த முடியாது. தடயம், போன் பதிவு, வங்கிக் கணக்கு வேண்டும். விசாரணை அதிகாரியும் மாநிலப் போலீசில் டி.எஸ்.பி.க்குக் குறையக் கூடாது. நல்ல தடயம் சேர்க்காத வழக்கில் நிஜக் குற்றவாளியும் வெளியே வந்துவிடுவான் என்பதைப் போலீஸ் நண்பர்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

"என்.ஐ.ஏ. வந்துட்டா லோக்கல் போலீஸ் ஒதுங்கிடுமா?"

ஒதுங்காது. இரண்டாம் கேள்வியில் சொன்ன வரிசைதான் இங்கேயும். ஸ்டேஷன் பதிந்த வழக்கின் விவரம் மாநில அரசு வழியாக மத்திய அரசுக்குப் போகும். பதினைந்து நாளில் என்.ஐ.ஏ. எடுக்க வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அந்த இடைவெளியில் சேர்க்கிற தடயம்தான் வழக்கின் அஸ்திவாரம். 2022 அக்டோபர் 23ல் கோவையில் கார் வெடித்தபோது, வழக்கு என்.ஐ.ஏ.வுக்கு மாறுவதற்கு முன்பே காரில் இறந்தவரை அடையாளம் கண்டு, வீட்டைச் சோதித்து, ஐந்து பேரைக் கைது செய்தது கோவை மாநகரப் போலீஸ்தான்.

"என்.ஐ.ஏ.ன்னு சொல்லி வாட்ஸ்அப் வீடியோ கால் வந்துச்சு. என் ஆதாரை வச்சு தீவிரவாதிக்குப் பணம் போயிருக்காம். கேமராவை அணைக்கக் கூடாதுன்னாங்க..."

திருடன். போனை வையுங்கள். 'டிஜிட்டல் கைது' என்று எந்தச் சட்டத்திலும் ஒன்றும் இல்லை. நிஜமான விசாரணைக்கு மேலே சொன்ன மாதிரி நோட்டீஸ் வரும், எந்த ஏஜென்சியும் 'சரிபார்க்க' உங்கள் பணத்தைக் கேட்காது. அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு பணம் கணக்கில் நிறுத்தப்படும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

"ஸ்கூலுக்கு வெடிகுண்டுன்னு மெயில் வருது. எப்பவும் புரளிதானே, எதுக்குப் பிள்ளைங்களை வெயில்ல நிறுத்துறாங்க?"

ஒருமுறை நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக. மோப்ப நாயும் வெடிகுண்டுப் பிரிவும் பார்த்து முடிக்கும் வரை கேட்டுக்கு வெளியே கூட்டம் போடாதீர்கள், அவர்கள் வண்டிக்கு வழி விடுங்கள். மெயிலை குரூப்பில் ஃபார்வர்டு செய்யாதீர்கள். பீதி கிளப்புவது தனிக் குற்றம்.

"என் பையன் ராத்திரியெல்லாம் போன்ல ஏதேதோ பேச்சு கேக்குறான், யார் யார்கூடயோ சாட் பண்றான். சொன்னா பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு சார்."

ஒரு அம்மா கேட்டது. கல்லூரி முதல் வருடப் பையன். எல்லாக் கேள்வியிலும் எனக்குக் கஷ்டமானது இதுதான்.

பேச்சைக் கேட்பது குற்றமில்லை. ஒரு கருத்தை நம்புவதும் குற்றமில்லை. தடை செய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராவது குற்றம். வெறும் உறுப்பினராக இருந்தாலே போதும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அமைப்புக்குப் பணம் அனுப்புவது, ஆள் சேர்ப்பது, இடம் பார்த்துக் கொடுப்பது எல்லாம் குற்றம். கோடு மெல்லியது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது கண்ணில் படாது. டெலிகிராம் குரூப்பில் சேர்த்துவிட்ட 'அண்ணன்' அதைச் சொல்லித்தரவும் மாட்டான்.

முதலில் போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். கோபத்தில் எதையும் அழிக்கவும் வேண்டாம். அழித்தால் தடயத்தை மறைத்த குற்றம் உங்கள் மேலேயே வரலாம். அவன் மதிக்கிற ஆள் ஒருவர் இருப்பார். தாய்மாமா, பழைய வாத்தியார், பள்ளிவாசல் இமாம், பாஸ்டர், கட்சித் தோழர், யாரோ ஒருவர். அவரை வைத்துப் பேசுங்கள். பணம் போயிருக்கிறது, பயணம் பற்றிப் பேச்சு வருகிறது என்று தெரிந்தால் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரோடு எஸ்.பி.யையோ டி.எஸ்.பி.யையோ பாருங்கள். எதுவும் நடப்பதற்கு முன்னால் பெற்றோரே வந்து சொல்லும்போது எச்சரித்து, ஆலோசனை கொடுத்து அனுப்பும் அதிகாரிகள் இருக்கிறார்கள். எல்லோரும் அப்படித்தான் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அதற்காகத்தான் வழக்கறிஞரோடு போகச் சொல்கிறேன். ஃபீஸ் கொடுக்க வசதி இல்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள் வந்து கேட்டால் வருமானச் சான்று இல்லாமலே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.